பினாங்குக் கப்பலில் ஆறு பாட்டில் ஒயின்

கேரள மலையில், குமுளியைத் தாண்டிச் சக்குபள்ளத்துக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஸ்டோரில் வேலை. பறித்து வந்த பச்சை ஏலக்காயைச் சூட்டறையில் போட்டு உலர்த்தும் கட்டடத்தைத்தான் அங்கே ஸ்டோர் என்பார்கள். நான் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். தாய்மார்கள் காட்டுக்குள் இறங்கியதும் அவர்களுடைய குழந்தைகளை மத்தியானம் வரை பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எங்கள் வீட்டை ஒட்டியிருந்தது தோட்டத்து டிஸ்பென்சரி. அதன் பின்கட்டில் நர்ஸ் அக்கா இருந்தார்.

அக்கா கோட்டயம் பக்கத்துக் கிறிஸ்தவர். தோட்டத்துக்கு வந்து வெகு காலம் ஆகியிருந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். அவசரம் வந்தால் மட்டும் பாதி மலையாளமாகிவிடும். அவருடைய கணவர் ஜீப் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் இருந்தார். ஒரே மகள். அவள் பினாங்கில் மாமன் வீட்டில் தங்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த மகளுக்கு அங்கேயே கல்யாணம் நிச்சயமானது. அதே மாதம்தான் பினாங்கில் இருந்த என் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று செய்தி வந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ள என்னை வரச் சொல்லி, அத்தானே மெட்ராஸிலிருந்து கப்பலில் இடமும் போட்டுவிட்டார். கடலையே அதுவரை நான் பார்த்ததில்லை.

செய்தி கேட்டதும் நர்ஸ் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் போகமுடியில்லல்லோ மோளே. இவரை விட்டுட்டு எங்கே போறது? ஒரு காரியம் செய்வியா? என் ஒயினை அவகிட்ட எத்திக்கணும். எங்க கல்யாணத்துல கேக்கு வெட்டி ஒயின் கொடுக்கிறது உண்டு. கேக்கு அங்கே கிடைக்கும். ஒயின் என் கை வச்சதா இருக்கணும்."

அந்த ஒயினை எனக்குத் தெரியும். கம்பத்திலிருந்து வரும் கறுப்புத் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் கொஞ்சம் கோதுமையும் கிராம்பும் எங்கள் தோட்டத்து ஏலக்காயும் போட்டுப் பெரிய சாடியில் கட்டி வைப்பார். மலைக் குளிரில் அது லேசில் பொங்காது. அதனால் ஸ்டோரின் சூட்டறைச் சுவரை ஒட்டி வைக்க என் கணவர்தான் இடம் கொடுத்திருந்தார். தினமும் மரக்கரண்டியால் கிளறிவிட நான் கூடப் போவேன். ஆனால் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

சரி என்று சொல்லிவிட்டேன். என் கணவருக்குப் பிடிக்கவில்லை.

"உடம்பு முடியாத அக்காளப் பாக்கப் போறவ, சாராயப் பாட்டிலத் தூக்கிட்டுப் போறான்னு நாலு பேரு பேச மாட்டாங்களா?"

"பேசட்டுங்க. போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் கண்டு கெடந்தப்ப, புருசனையும் பாத்துக்கிட்டு என்னையும் பாத்தவுக யாரு? அவுக கேட்டு நான் முடியாதுன்னு சொல்றதா?"

அக்கா ஆறு பாட்டிலில் ஒயினை வடித்து, கார்க் அடித்து, மெழுகு உருக்கி ஊற்றினார். என் கணவரே அவற்றைப் பழைய ஏலக்காய்ச் சாக்கில் ஒவ்வொன்றாகச் சுற்றி ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். கிளம்பும்போது அக்கா ஒன்று சொன்னார்.

"சூடு தட்டினா திரும்பப் பொங்கும் மோளே. அப்போ மெழுகை எடுத்துட்டு தினம் ஒருக்கா கார்க்கைத் தளர்த்தி விடணும். இல்லேன்னா பாட்டில் பொட்டி வெடிச்சுப் போகும்."

குமுளி செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஏலக்காய் திருட்டுத்தனமாகத் தமிழ்நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பெட்டியைத் திறந்ததும் குப்பென்று ஏலக்காய் வாசம் அடித்தது. காக்கிச்சட்டைக்காரர் சாக்கை எல்லாம் அவிழ்த்துப் போட்டுத் தேடினார். உள்ளே ஏலக்காய் ஒன்றுகூட இல்லை, ஒயின்தான் இருந்தது.

"இது எந்தா?"

"கல்யாண ஒயினுங்க சார். நர்ஸ் அக்கா மகளுக்கு. கப்பல்ல போகுது."

அவர் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவரும் அக்காவின் ஊர்ப் பக்கத்துக்காரராக இருக்கவேண்டும். சிரித்துக்கொண்டே, "கல்யாணத்தினாணெங்கில் பொய்க்கோ" என்று கையசைத்துப் போகவிட்டார். தமிழ்நாட்டிலும் அப்போது மதுவிலக்கைத் தளர்த்தியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மலை இறங்கிக் கூடலூர் வெயில் முகத்தில் பட்டபோதே எனக்குப் பயம் பிடித்தது. பயந்தபடியே, செங்கல்பட்டைத் தாண்டி ரயில் போய்க்கொண்டிருக்கும்போது தகரப் பெட்டிக்குள் டொப்பென்று சத்தம் கேட்டது. எதிரே இருந்த அம்மாள் காலைத் தூக்கிக்கொண்டார். ஒரு பாட்டிலின் கார்க் தெறித்து நுரை வழிந்துகொண்டிருந்தது. மெழுகை எல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஒவ்வொரு கார்க்கையும் தளர்த்தினேன். ஒவ்வொன்றும் உஸ்ஸென்று மூச்சு விட்டது. தெறித்த கார்க்கைக் கழுவித் திரும்ப மாட்டி, கைக்குட்டையால் கட்டினேன்.

அக்கா சொன்னதைச் செய்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். கப்பலில் ஒரு சட்டம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஏறும் இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் பர்சர். பயணிகளின் காரியங்களை எல்லாம் பார்க்கும் அதிகாரி அவர். மெட்ராஸ்காரர், நரைத்த மீசை. பெட்டியைப் பார்த்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருதும்மா இது? சொந்தச் சரக்கைக் கப்பல்ல வெச்சுக்கக் கூடாது. குடிக்கணும்னா மேல பார் இருக்கு, அங்க வாங்கிக் குடிக்கலாம். வெளியிலேருந்து வர்றது எங்க ஸ்டோர்ல பூட்டி இருக்கும். எறங்கும்போது தருவோம்."

"குடிக்க இல்லைங்க. கல்யாணத்துக்கு. பூட்டி வச்சா வெடிச்சிரும் சார், தினம் ஒருக்கா கார்க்கத் தளத்தணும்."

"அதெல்லாம் முடியாது. கப்பல்ல பாட்டிலைத் தெறக்கவே கூடாதுங்கறதுதான் ரூலு. உங்களை விட்டா, கீழ்த்தட்டுல இருக்கற அத்தனை பேரும் வந்து நிப்பான்."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டு சத்தம் போட்டது. நான் நகரவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். கடைசியில் அவர் பொறுமை இழந்து, "ஒண்ணு ஸ்டோர்ல கொடுங்க, இல்லே கடல்ல ஊத்திட்டு ஏறுங்க" என்றார். கொடுத்தேன்.

மறுநாள் காலையில் எழுந்ததும் அவருடைய அறை வாசலில் போய் நின்றேன். கப்பல் ஆட்டத்தில் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்தவர், "ஸ்டோர்ல பயணிகள் யாரும் நுழையக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் அவர் திரும்பி வந்தபோதும் அங்கேதான் இருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது, போகவில்லை. போனாலும் வயிற்றில் தங்கியிருக்காது.

"இன்னும் இங்கயேவா இருக்கீங்க?"

"நீங்களே தளத்தினாலும் சரி சார். நான் தொடக்கூட மாட்டேன். தள்ளி நின்னு பாத்துக்கிறேன்."

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். அன்று அவருக்கு என்மேல் எரிச்சல் கொஞ்சம் குறைந்ததாகத் தோன்றியது.

அடுத்த நாள் நான் போவதற்கு முன்னால் அவரே ஆள் அனுப்பிவிட்டார். ஒரு பாட்டில் வெடித்திருந்தது. ஸ்டோரில் அடுக்கியிருந்த வெள்ளை மேசை விரிப்புகள் மேலெல்லாம் சிவப்பு. பர்சர் கோபமாக இருந்தார்.

"பாருங்க, என் துணியெல்லாம் போச்சு. மேலதிகாரிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது, அவருக்காக இல்லை. ஆறில் ஒன்று போய்விட்டது. அக்காவின் முகம்தான் கண்ணில் நின்றது. அங்கே அழுதுகொண்டு நின்றால் மிச்சமும் போகும். "துணிய நான் தொவச்சுத் தாரேன் சார். முதல்ல மத்ததத் தளத்துங்க" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மீதி ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நுரை அவர் கையிலும் வழிந்தது.

"உங்க ஊர்ல இது எப்படி வெடிக்காம இருந்தது?" என்று கேட்டார்.

"அங்க ஒரே குளுரு சார். லேசுல பொங்கவே பொங்காது. சூட்டுச் சுவத்துல ஒட்டி வச்சுத்தான் பொங்க வைப்போம்."

"அப்ப வழி அதுலயே இருக்கேம்மா. காய்கறி வெக்கற குளிர் அறை ஒண்ணு இருக்கு. அங்க வெச்சா தானா அடங்கிடும். மூடியையும் கொஞ்சம் தளர்வாவே விட்டுடலாம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. பொங்கும், தளர்த்து என்று சொல்லித் தந்ததைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, குளிரில் வைக்கலாம் என்று யோசிக்கவில்லை. குளிர் அறைக்குப் பொறுப்பான தலைமைச் சமையல்காரர் முட்டைக்கோசுக்கு நடுவில் ஒயினா என்று சத்தம் போட்டார். பர்சர் அவரிடம் இங்கிலீஷில் ஏதோ பேசிச் சம்மதிக்க வைத்தார். பாட்டில்கள் குளிருக்குப் போனதும் அடங்கிவிட்டன. விரிப்புகளைச் சொன்னபடியே துவைத்துக் கொடுத்தேன். கறை முழுக்கப் போகவில்லை.

இனி வரத் தேவையில்லை என்று பர்சர் சொன்னார். நான் தினமும் போனேன். அந்த அறைக் கதவை ஒருக்களித்துக் காட்டுவார். ஐந்தும் இருப்பதைப் பார்த்துவிட்டு வருவேன்.

இதற்குள் விஷயம் கீழ்த்தட்டு முழுக்கப் பரவிவிட்டது. மேலே பாரில் விலை அதிகம் என்று புலம்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். அந்த அதிகாரிதான் உன்னிடம் நன்றாகப் பேசுகிறாரே, ஒரு பாட்டிலை வாங்கிக் கொடு, கேட்ட விலை தருகிறோம் என்றார்கள்.

"ஒண்ணு ஏற்கெனவே போச்சுண்ணே. இனி ஒரு சொட்டு போகாது" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து நகர்ந்துவிட்டார்கள்.

பினாங்கு தெரிந்த காலையில் பர்சரே பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"இவ்வளவு பாடுபட்டோமே, வாசம் நல்லா இருக்கு. ஒரு வாய் ருசி பார்க்கலாமா?"

"கப்பல்ல தெறக்கக் கூடாதுன்னு ரூலு இருக்கே சார்."

மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டு கைகூப்பினார். நானும் கும்பிட்டேன். கொடுத்திருக்கலாமோ என்று படி இறங்கும்போது தோன்றியது. ஆனால் கொடுக்க அது என்னுடையது இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து என் அக்கா வீடு திரும்பியிருந்தாள். அவள் எழுந்து நடக்கும்வரை நான் தினமும் கார்க்கைத் தளர்த்திவிட்டு வந்தேன். பிறகு, நர்ஸ் அக்காவின் மகளை வரச் சொல்லிப் பெட்டியை ஒப்படைத்தேன். சாக்கை முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு தம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தாள். அவள் முகம் மாறியது.

"அம்மா ஒயின் இனிக்கும் சேச்சி. இது புளிக்குதே."

"வழியில திரும்பப் பொங்கிருச்சும்மா. அதுல இனிப்பெல்லாம் போயிருக்கும். ஒரு பாட்டில் வெடிச்சும் போச்சு." நடந்தது முழுவதையும் சொன்னேன். அவள் தம்ளரையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று சர்ச்சுக்கு அடுத்த மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் கடையில் வாங்கிய ஒயினையும் அடுக்கி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது புளிக்குது மோளே, இதை வீட்டுக்கு வச்சுக்கலாம், சபையில கடை ஒயினைக் கொடுப்போம்" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார்.

"இல்ல ஆன்ட்டி, இதுதான்" என்றாள் பெண். சின்னக் கிளாஸ்களில் அதையே ஊற்றச் சொன்னாள். எல்லோருக்கும் ஒரு வாய்தான் வந்தது. பலர் முகம் சுளித்தார்கள். மாப்பிள்ளை சுளிக்காமல் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். எனக்கும் ஒரு கிளாஸை அவளே கொண்டுவந்து நீட்டினாள். மறுக்கத் தோன்றவில்லை. அதுதான் நான் குடித்த முதல் ஒயின். நாக்கு கூசியது. தொண்டையில் இறங்கிய பிறகு ஏலக்காய் மணந்தது.

நான் தோட்டத்துக்குத் திரும்பியபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. பையை வீட்டில் வைத்துவிட்டு நேராக டிஸ்பென்சரிக்குப் போனேன். நர்ஸ் அக்கா ஒருவருக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் போனதும் கதவைச் சாத்தினார்.

"ஒண்ணு வெடிச்சுப் போச்சுக்கா. மத்தது புளிச்சிருச்சு" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"அவ குடிச்சாளா?"

"குடிச்சா. கடையில வாங்கினத ஊத்தவே விடல. எல்லாருக்கும் இதத்தான் கொடுக்கணும்னு நின்னுட்டா."

அக்கா உள்ளே திரும்பி, படுக்கையில் இருந்த கணவரிடம் அதை மலையாளத்தில் சத்தமாகச் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இனி முதல்லேர்ந்து சொல்லு. அவ என்ன கலர் சாரி உடுத்திருந்தா?"