இர்மெலி காட்டிய ரொட்டி வரிசை

இர்மெலியை நான் சந்தித்தது அவரிடம் திட்டு வாங்கித்தான். ஹெல்சிங்கியின் கல்லியோ மேட்டில் இருக்கும் ஒரு மலிவு விடுதியில், வரவேற்பு மேசையில் எனக்குக் காலை வேலை. பட்டம் கைக்கு வந்துவிட்டது, படிப்புக்கேற்ற வேலை இன்னும் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். வடகிழக்கே குஹ்மோ ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில், பரிசு வாங்கிய பசுவின் படத்துக்குப் பக்கத்திலேயே அம்மா என் பட்டத்தையும் மாட்டி வைத்திருக்கிறாள். அந்த மிதப்பில் நான் விடுதிக் கூடத்துப் பலகையில் அழகான எழுத்தில், ‘டாக்சி வேண்டுமா? மேசையில் கேளுங்கள்’ என்று எழுதி வைத்திருந்தேன்.

பச்சைக் கோட்டு, கழுத்தில் பட்டுத்துணி, நிமிர்ந்த முதுகு. அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி உள்ளே வந்தார். பலகையைப் படித்தார். கையுறையைக் கூடக் கழற்றாமல் அதாலேயே துடைத்து அழித்தார்.

“யார் எழுதினது?”

“நான்தாங்க. தனேலி. புதுசா சேர்ந்திருக்கேன்.”

“மொதத் தடவை ஹெல்சிங்கி வர்ற புள்ளைங்கள டாக்சியில ஏத்திவிட்டா, மிச்ச நாளெல்லாம் அதுங்க பிஸ்கட் தின்னுதான் கெடக்கணும். விமான நிலையத்துலேர்ந்து ரயில் வருது. அதை எழுது. பெருசா எழுது.”

எழுதினேன்.

அவர் விடுதியின் ஊழியர் அல்ல. வெகுகாலம் ஒரு பயண நிறுவனத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தவர். எல்லாரும் கைபேசியிலேயே சீட்டு வாங்கத் தொடங்கியதும் அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு தினமும் காலையில் எங்கள் கூடத்துக்கு வந்து, புதிதாக வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு நகரத்தைச் சுற்றிக் காட்டினார். குறைந்த செலவில் எப்படி இருப்பது என்பதுதான் அவர் நடையின் சரக்கு. கட்டணம் கிடையாது. விடுமுறை நாட்களில் நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன்.

“தண்ணி பாட்டில் வாங்குறவன் இந்த ஊரை அவமானப்படுத்துறான்” என்று ஆரம்பிப்பார். “குழாயைத் தெற, குடி. பசியை ராத்திரிக்கு வெச்சுக்காத, மத்தியானமே தீத்துக்க. மத்தியானம் சூப்பு, ரொட்டி, காய்கறி, மீனு, காப்பி எல்லாம் சேத்து ஒரே வெலை. ராத்திரி அதே நாற்காலியில உக்காந்தா நாற்காலிக்கும் சேத்து வாங்குவான். கோட்டைத் தீவுக்குப் போக சுற்றுலாப் படகுக்காரன் கூப்பிடுவான், திரும்பிப் பாக்காத. டிராம் சீட்டு இருந்தா அதுவே அரசாங்கப் படகுக்கும் செல்லும்.”

கடலோரத்தில் ஊர்க்காரர்களே கட்டிய சானா என்ற நீராவிக் குளியல் அறையைக் காட்டும்போது கூட்டத்தில் எப்போதும் யாராவது நெளிவார்கள்.

“துணியில்லாமலா உள்ள போகணும்?”

“ஆமா. வெக்கமா இருந்தா மூக்குக்கண்ணாடியைக் கழட்டிடு. மத்தவங்க மங்கலாத் தெரிவாங்க. கட்டணம் இல்ல, காவல்காரன் இல்ல. உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு வெறகு பொளந்து போட்டுட்டுப் போ.”

எல்லாரும் சிரிப்பார்கள். நடை பெரிய தேவாலயத்துப் படிகளில் முடியும். மற்ற நகரங்களில் இப்படிக் கட்டணமில்லாமல் சுற்றிக் காட்டுகிறவர்கள் கடைசியில் தொப்பியை நீட்டுவார்கள், இல்லையென்றால் வாயால் கேட்பார்கள். அதுதான் அவர்களுக்குச் சம்பளம். இர்மெலிக்கு அது வராது. “அவ்வளவுதான், நல்லபடியா பாத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு பேர் கையில் ஏதாவது திணிப்பார்கள். மற்றவர்கள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

“கடைசியில ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்ன, இர்மெலி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“என்ன வார்த்தை?”

“முடிஞ்சதைக் குடுங்கன்னு.”

“அதைச் சொல்றதுக்குப் பதிலா நான் மூணாம் நம்பர் டிராமுக்கு முன்னாடி படுத்துக்குவேன்.”

எனக்கு அது புரியாத பேச்சல்ல. மரம் வெட்டப் போய் இடுப்பு உடைந்து கிடந்த குளிர்காலத்தில், என் அப்பா நகராட்சி உதவி அலுவலகத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரன் பார்த்துவிடுவானாம். அடுத்த வீடு ஏரிக்கு அந்தக் கரையில் இருந்தது.

வாடகை போக இர்மெலி என்ன சாப்பிட்டார் என்று நான் யோசித்ததே இல்லை. பின்னால் அவரே சொன்னார்.

சோர்னைனென் பக்கத்தில் ஒரு தொண்டுக் கூடம் இருக்கிறது. கடைகளில் விற்காமல் தங்கிய ரொட்டி, தயிர், வாழைப்பழம் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைகளில் பையில் போட்டுக் கொடுப்பார்கள். வெளியே சுவரோரமாக வரிசை நிற்கும். பெயர் கேட்க மாட்டார்கள், அட்டை கேட்க மாட்டார்கள். நிற்பவர்களும் ஒருவரையொருவர் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை. தேவை இல்லாதவர் அங்கே வந்து நிற்க மாட்டார் என்ற நம்பிக்கை ஒன்றில்தான் அந்த வரிசை ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் இர்மெலி பச்சைக் கோட்டை வீட்டில் மாட்டிவிட்டு, செத்துப்போன அண்ணனின் பழுப்பு மேலங்கியைப் போட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நிற்பார். அவருக்குப் பின்னால் வழக்கமாக நிற்கும் கிழவர் தைஸ்தோ அவரை ‘மகாராணி’ என்று கூப்பிடுவார். பெயர் தெரியாதே, முதுகைப் பார்த்து வைத்த பெயர்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, தைஸ்தோ வந்து சேர்வதற்கு முன்னால், அந்த வழியாக முதுகுப்பைகளோடு இரண்டு பேர் வந்தார்கள். தியாகோ, இனேஸ். போர்ச்சுகல் பிள்ளைகள். முந்தின நாள்தான் இர்மெலியோடு நடந்தவர்கள்.

“இர்மெலி! நீங்கதானே? இது என்ன வரிசை?”

அந்த இடத்தில் ‘நான் சாப்பாட்டுக்கு நிற்கிறேன்’ என்று சொல்வதற்கு அவருக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. வழிகாட்டியின் வாய் அதற்குள் தானாகத் திறந்துகொண்டது.

“இதுவும் நம்ம ஊரு வழக்கந்தான். மிச்சமான சாப்பாட்டை வீணாக்காம வர்றவங்களுக்கெல்லாம் குடுப்பாங்க. எப்படி இருக்குன்னு பாத்துட்டு உங்களுக்குச் சொல்லலாம்னு வந்தேன்.”

“யாரு வேணா நிக்கலாமா?”

“யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க” என்றார் இர்மெலி. அது பொய்யில்லை. அதுதான் வினை.

அவர்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். பை கிடைத்தது. சந்தோஷமாகப் படம் எடுத்து, பயணம் போகிறவர்கள் படிக்கும் இணையப் பக்கம் ஒன்றில் போட்டார்கள். ‘ஹெல்சிங்கியில் முதல் தடவையா? வெள்ளிக்கிழமை இர்மெலியின் ரொட்டியைத் தவறவிடாதீர்கள்.’

அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் பாதி முதுகுப்பைகள். சிரிப்பு, பாட்டு, படம். வழக்கமாக நிற்பவர்கள் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் சனம் அப்படித்தான், காலை மிதித்தவனிடமும் கால் அங்கே இருந்ததற்கு வருத்தம் சொல்லும். முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்கள், சிலர் படத்தில் விழாமல் இருக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். தைஸ்தோ மட்டும் வாயை அடக்கவில்லை.

“என்ன மகாராணி, நம்ம காஞ்ச ரொட்டி இவ்வளவு பிரபலம்னு எனக்குத் தெரியாமப் போச்சே? அடுத்த வாரம் பேண்டு வாத்தியமும் வருமா?”

“எவனோ போய்ச் சொல்லியிருக்கான்” என்றார் இர்மெலி.

“எவனோ இல்ல, எவளோ. இர்மெலி இர்மெலின்னு ஒரு பேரைச் சொல்லிக்கிட்டே வர்றாங்க. அந்தப் பொம்பளை மட்டும் என் கையில கெடைக்கட்டும்…”

“கெடைச்சா?”

“என்ன பண்ணப் போறேன்? ஒண்ணும் பண்ண மாட்டேன். மூஞ்சியைப் பாத்து வெச்சுக்குவேன்.”

அன்று இர்மெலியோடு பை தீர்ந்துவிட்டது. தைஸ்தோவின் முறை வந்தபோது மேசை காலி. அவர் தன் துணிப்பையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். “பரவால்ல. வீட்டுல கெட்டியான கறுப்பு ரொட்டி கெடக்கு. கடிக்கத்தான் பல்லு இல்ல” என்றார். இர்மெலி தன் பையில் பாதியை நீட்டினார். கிழவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “வரிசையில வந்தாத்தான் அது என்னுது. நீ குடுத்தா அது பிச்சை.”

நாலைந்து நாள் கழித்து, காலை நடையில் யாரும் சேராத ஒரு நாளில், இர்மெலி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னார். பட்டுத்துணியின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இந்த மனுஷி ஒன்றுமில்லாத வயிற்றோடு மத்தியானச் சாப்பாட்டின் மகிமையைப் பேசிக்கொண்டு என் முன்னால் நடந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“போய் நிக்காதீங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சது” என்றேன்.

“சொல்லலாம். ‘அப்போ நீங்க எதுக்கு நின்னீங்க’ன்னு கேப்பாங்க. கேட்டா நான் என்ன சொல்ல, தனேலி? இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு மறுபடி இந்தக் கூடத்துக்குள்ள எப்படி வருவேன்? எனக்குன்னு மிச்சம் இருக்குறதே இது ஒண்ணுதான்.”

“அங்கே இப்ப எதுவும் குடுக்கிறதில்லைன்னு பலகையில எழுதிடட்டுமா?”

“இன்னொரு பொய்யா? ஒரு பொய்க்கே கெழவனுக்கு ரொட்டி இல்லாமப் போச்சு.”

வெள்ளிக்கிழமை காலையில் கூடம் நிறைய ஆட்கள். இர்மெலி வந்தார், பச்சைக் கோட்டில். “இன்னிக்கு ரொட்டி உண்டுதானே?” என்று ஒரு பையன் கேட்டான். “வாங்க, அங்கதான் போறோம்” என்றார். என்னிடம் எங்கள் மொழியில், “நீயும் வா. நான் பாதியில திரும்பி ஓடப் பார்த்தா கோட்டைப் பிடிச்சு இழு” என்றார். மேசையைச் சக ஊழியரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

வழியில் அவர் எந்தக் கட்டடத்தையும் காட்டவில்லை. வரிசைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்.

“உங்களுக்கு முன்னாடி வந்தவங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டேன். இது சுத்திப் பாக்குற எடம் இல்ல. சாப்பாட்டுக்கு வழியில்லாதவங்க நிக்கிற எடம். நான் இங்க வேடிக்கை பாக்க வரல, ரொட்டிக்குத்தான் வர்றேன், வாராவாரம். விமானத்துல வந்து எறங்க முடிஞ்சவங்க இதுல நிக்கக் கூடாது. இதை நீங்களும் எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க.”

யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண்ணுக்குக் காதுவரை சிவந்துபோனது. ஏற்கெனவே வரிசையில் நின்றிருந்த முதுகுப்பைகள் சிலவும் கழன்று வெளியே வந்தன. இன்னொரு பெண் ஓடி வந்து இர்மெலியின் கையில் நோட்டு ஒன்றைத் திணிக்கப் பார்த்தாள். இர்மெலி இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டு, “வேணாம்மா, வேணாம், தயவுபண்ணி போயிடு” என்றார். அந்தக் குரலை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அவர்கள் கலைந்து போனதும் தைஸ்தோ வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை.

“ஏய் மகாராணி, என்ன இது புதுக் கோட்டு? அதுங்ககிட்ட என்னதான் சொன்னே, குண்டு வெச்சிருக்குன்னா? இப்படி ஓடுதுங்களே.”

அந்நியர்களிடம் சொன்னது சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. இர்மெலியின் உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது. நான் கோட்டைப் பிடிக்கவில்லை, அவரும் ஓடவில்லை.

“என் பேரு இர்மெலி” என்றார்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்க்காத சனம், அன்று பார்த்தது. தைஸ்தோ அவர் முகத்தை நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். பிறகு கட்டைவிரலால் பின்னால் காட்டினார்.

“வரிசையோட வால் அங்க இருக்கு.”

இர்மெலி போய்க் கடைசியில் நின்றார். முக்காடு இல்லாத கோட்டு அது. காதில் பனி விழுந்துகொண்டிருந்தது. அன்று எல்லாருக்கும் பை கிடைத்தது, அவருக்கும். வாங்கும்போது அவர் கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. தைஸ்தோ தன் பையோடு அவரைத் தாண்டிப் போனார்.

அதற்குப் பிறகு இர்மெலி எங்கள் கூடத்துக்கு வரவே இல்லை. போர்ச்சுகல் பிள்ளைகள் தாங்கள் எழுதியதை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். ஒருநாள் தெருவில் பார்த்தபோது அதை நான் இர்மெலியிடம் சொன்னேன், “அதுங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?” என்று அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இர்மெலி இப்போது கதயனொக்கா துறைமுகத்தில், கப்பல் பயணிகளின் பெட்டிகளை வாங்கி வைக்கும் அறையில் வாரத்துக்குச் சில நாள் வேலை பார்க்கிறார். வழி கேட்கிறவர்களுக்கு டிராம் எண்ணைச் சொல்வார், அதற்கு மேல் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அதே வரிசையில்தான் நிற்கிறார். தைஸ்தோ அவரை இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். ஒவ்வொரு தடவையும் இர்மெலியின் தலை குனிகிறது.