நான்காவது பாட்டில் ஓர் ஆண் குரல்

இசைத்தட்டு அச்சடிக்கும் அந்த ஆலையில் அவருக்குப் பெயர் 'காது'. முகத்துக்கு நேராகச் சொல்லும்போது மட்டும் 'காதண்ணே'. ஓர் ஆல்பம் ஆயிரக்கணக்கில் அச்சாகும் முன்னால் ஒரே ஒரு மாதிரித் தட்டு போடுவார்கள். அதை அவர் ஒரு சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டு, சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். இருபத்தேழு வருஷமாக இதே வேலை. கீறலோ இரைச்சலோ, தூசி விழுந்த இடத்தில் கேட்கும் டிக் சத்தமோ, எதுவும் அவரிடம் தப்பாது. பாட்டை மட்டும் அவர் கேட்டதே கிடையாது. பாட்டில் மனசு போனால் குறை காதில் விழாது என்பார்.

அப்பேர்ப்பட்ட காதை வீட்டில் பொத்திப் பொத்தி வளர்த்தார். அலமாரிக் கதவுகளின் உள்பக்கம் துணிப்பட்டை ஒட்டியிருந்தார். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி. கரண்டிகள் எல்லாம் மரம். அதையும் மீறி ஏதாவது ஓசை எழுந்தால், "மெதுவா" என்பார். அன்பாகத்தான் சொல்வதாக அவருக்கு நினைப்பு. அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறவள். பகலெல்லாம் முப்பது தையல் மெஷின்களுக்கு நடுவே நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்தால் கப்சிப் என்று நடமாடுவாள். சனிக்கிழமை மதியங்களில் கூட வேலை செய்யும் மூன்று பெண்களோடு எங்கேயோ போவாள், பொழுது சாயும்போது வருவாள். எங்கே என்று அவர் கேட்டதில்லை. அந்த நேரத்தில் வீடு இன்னும் அமைதியாக இருந்தது. அவருக்கு அது போதும்.

ஒரு திங்கட்கிழமை காலையில், மேற்பார்வை பார்க்கும் பெண் ஒரு மாதிரித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டின் நடுவில் வெள்ளைத் தாள், அதில் வெறும் எண்.

"நாலு பொம்பளைங்க சேர்ந்த ராக் குழு அண்ணே. முதல் ஆல்பம்" என்றவள், ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று பாட்டு சுத்தம். நான்காவது தொடங்கியதுமே அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பாத்திரம் விழும் சத்தம். உடனே ஓர் ஆள் கத்துகிறான்: "மெதுவான்னு எத்தன தடவ சொல்றது? மனுஷன் குடியிருக்கற வீடா இது? உனக்கெல்லாம் ஒரு தடவ சொன்னா ஏறாதா?" அந்த வார்த்தை முடியும் முன்பே டிரம்ஸ் சரமாரியாக இறங்கியது.

அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கினார். எவனோ ஒரு சிடுமூஞ்சி பதிவுக்கு நடுவில் புகுந்து வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறான், அதைக்கூடக் கவனிக்காமல் அனுப்பியிருக்கிறார்களே! இவனைக் கட்டிக்கொண்டவள் பாவம் என்று மனசுக்குள் ஒரு பரிதாபம் வேறு. சீட்டை எடுத்து எழுதினார்: 'நான்காவது பாட்டு, தொடக்கம். ஒரு கிழவனின் கத்தல். வெளிச்சத்தம். அச்சடிக்கக் கூடாது.'

மேற்பார்வைப் பெண் அதைப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"அண்ணே, வர சனிக்கிழமை அவங்க வெளியீடு. இன்னிக்குத் தள்ளினா மெஷின் வேற ஆர்டருக்குப் போயிடும். அப்புறம் ஆறு மாசம் ஆகும்."

"அதுக்காக ஓட்டைய அச்சடிக்கவா?"

"நெஜமாவே உங்களுக்குத் தெரியலையா?"

"என்ன தெரியல?"

அவள் ஆர்டர் தாளை நீட்டினாள். பாடகி, கிடார், பேஸ், எல்லாவற்றுக்கும் நேராக ஒவ்வொரு பெயர். டிரம்ஸுக்கு நேராக இருந்த பெயரை அவர் படித்தார். இருபத்திரண்டு வருஷமாக 'இந்தா' என்றே கூப்பிட்டு வந்ததால், அது தன் பெண்டாட்டியின் பெயர் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப அந்தக் குரல்..."

"மெஷின்ல போட்டுப் பாத்தப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு அண்ணே. உங்ககிட்ட சொல்லத்தான் ஆளில்ல."

அவர் திரும்பப் போய் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். சந்தேகமே இல்லை. தலைமுடி அளவு கீறலைப் பிடிக்கிற காதுக்குத் தன் சொந்தத் தொண்டை அடையாளம் தெரியவில்லை. இப்படியா நான் பேசுகிறேன், இத்தனை வருஷமும் இப்படியேதானா என்று நினைத்தார். இதைவிட, தன் வீட்டில் ஒரு டிரம்ஸ்காரி இருப்பது தெரியாமல் போனது அவரை அடித்துப் போட்டது. சீட்டை மேற்பார்வைப் பெண் வாங்கவில்லை. "காலைல குடுங்க அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ டிரம்ஸ் அடிக்கிறியா?"

"நாலு வருஷமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. மெதுவாச் சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

அவளே தொடர்ந்தாள். "அன்னிக்கு அடுப்படில டப்பாவத் தட்டி ஒரு தாளத்த போன்ல பதிவு பண்ணிட்டிருந்தேன். டம்ளர் விழுந்துச்சு, நீங்க வந்தீங்க. அதப் போட்டுக் காட்டினப்ப அவங்க மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. நேரா போய் அடிச்சேன். அதுதான் அந்தப் பாட்டு."

"ஊருக்கே என்னக் காட்டிக்குடுக்கணுமா? அத எடுத்துடு."

"எடுத்தா நான் எதுக்கு அடிக்கிறேன்னு யாருக்குங்க புரியும்?"

"வேற ஆலையே கெடைக்கலையா உனக்கு?"

"கெடைச்சுது. உங்க காதுக்கு ஈடு எங்கயும் இல்லன்னு நான்தான் இங்க குடுக்கச் சொன்னேன்." மடித்த துணிகளை அலமாரியில் வைத்து, பழக்கதோஷத்தில் ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள். "தள்ளணும்னா தள்ளிடுங்க. உங்க கையெழுத்து, உங்க இஷ்டம்."

மறுநாள் காலை அந்தச் சின்ன அறையில் அவர் தட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். நான்காவது பாட்டில் தன் குரல் வந்தபோது உடம்பு கூசியது. ஆனாலும் ஹெட்போனைக் கழற்றவில்லை. கத்தல் முடிந்தது. அதன் பிறகு நான்கு நிமிஷம் அவள் அடித்தாள். ஓர் இடத்திலும் கை தயங்கவில்லை. குறை தேட வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. பாட்டு முடிந்து தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருக்க, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நேற்று எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். புதிய சீட்டில் எழுதினார்: 'நான்காவது பாட்டு, தொடக்கத்தில் ஓர் ஆண் குரல். குறை அந்த ஆளிடம்தான், தட்டில் இல்லை. அச்சடிக்கலாம்.'

கீழே கையெழுத்துப் போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தார்.