பனி வயலில் கேட்ட தட்டல்

2007 பெப்ரவரியில் ஒரு மத்தியானம், எங்கள் அணியின் பஸ்ஸில் ஒரு இருக்கை வெறுமையாக இருந்தது. அப்படியொரு வெறுமையை நான் முன்பே பார்த்தவள். அன்பான சகோதரங்களே, அதனால்தான் இதை நடுக்கத்தோடு எழுதுகிறேன்.

என் ஊர் மட்டக்களப்பு. இப்போது கனடாவில், மொன்றியலில் ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நிர்வாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். பயிற்சி கொடுப்பது என் வேலையல்ல. பஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஒழுங்கு செய்வேன். காயம்பட்ட பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுபோவேன். கடைசியில் எல்லோரையும் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும். ஏன் இந்த வேலையை இப்படி இறுக்கிப் பிடித்தேன் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு, ஊரில் சண்டை நடந்த காலம், என் தங்கை டியூஷனுக்குப் போனாள். இரவு வரை வாசலில் நின்று பார்த்தேன்; திரும்பி வரவில்லை. அன்று முழங்காலில் நின்று கேட்டேன். பதில் இல்லை. அதற்குப் பிறகு சபைக்குப் போவேன், பாட்டும் பாடுவேன். ஆனால் ஆண்டவரிடம் எதையும் கேட்கமாட்டேன்.

அன்று நாங்கள் வெளியூரில் ஆட்டம் தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கடைசி நேரத்தில் பந்தைப் பறிகொடுத்தவள் மிரெய். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் தாயோடு இருக்கும் ஹெயிட்டிப் பிள்ளை. வழி முழுக்க ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு இருந்தாள். பனிப்புயல் பலத்ததும் பெருந்தெருவோரப் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். பிள்ளைகள் இறங்கிக் கோப்பி குடித்தார்கள். திரும்ப ஏறும்போது மிரெய் இல்லை.

அவள் அழுதுகொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போனதை ஒருத்தி கண்டிருந்தாள். பின்பக்கம் வெறும் வயல். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்ட பெயர் எங்கள் காதுக்கே திரும்பவில்லை. பொலிஸுக்கு ஃபோன் அடித்தோம். தெரு அடைபட்டிருக்கிறது, வரச் சுணங்கும் என்றார்கள்.

நான் வயலுக்குள் இறங்கினேன். எங்கள் சாரதி குணம் அண்ணை, மொன்றியலை அடுத்த லவாலில் இருக்கும் யாழ்ப்பாணத்தவர், என் கையைப் பிடித்து இழுத்தார்.

"போகாதேங்கோ தங்கச்சி. நீங்களும் துலைஞ்சு போவியள்."

"விடுங்க அண்ணை. இந்த முறையும் நான் வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டிருக்க மாட்டன்."

அவர் விடவில்லை. அந்த இழுபறியில் பனிக்குள் விழுந்தேன். "ஆண்டவரே, உங்களிட்டக் கேக்க எனக்கு மனமில்ல. என்ட தங்கச்சியை நீங்க தரல்ல. இந்தப் பிள்ளையையாவது தாங்க!" என்று கத்தினேன். அது ஜெபமா, கோபமா, இன்றைக்கும் தெரியாது.

காற்று நின்றது. திடீரென்று. அந்த அமைதிக்குள் யாரோ தகரத்தில் தட்டும் சத்தம்.

"அண்ணை, கேக்குதா?"

"ஓம்." அவருடைய முகம் வெளிறிவிட்டது. "அங்கால."

பெட்ரோல் நிலையக் கடைக்காரர் ஒரு நீளக் கயிற்றைக் கொண்டுவந்து ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற நுனியோடு நாங்கள் சத்தத்தை நோக்கி நடந்தோம். வயலுக்குள் ஒரு தகரக் கொட்டில். அதன் சுவரோரம் மிரெய் சுருண்டு கிடந்தாள். உதடு நீலம். மூச்சு இருந்தது. குணம் அண்ணை அவளைத் தோளில் போட்டார். நாங்கள் திரும்பி வரமுன் காற்று மறுபடி எழும்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவளுடைய விரல்கள் எல்லாம் தப்பின. "நீ தட்டினபடியால்தான் கண்டுபிடித்தோம்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

"நான் தட்டவில்லை. கையை அசைக்கவே முடியவில்லையே."

பிறகு குணம் அண்ணை, "காத்துக்குத் தகரம் ஆடியிருக்கும்" என்றார். காற்று நின்றிருந்தது என்பது அவருக்கும் தெரியும்.

அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை. சமைத்துக்கொண்டு நிற்கும்போதும் வரும், மெட்ரோவிலும் வரும். பயம்தான். ஆனால் அந்தப் பயத்தில் நான் தனியாக இல்லை.

என் தங்கை இன்னும் வரவில்லை. ஏன் ஒருத்திக்கு மட்டும் தட்டினீர் என்று தினமும் கேட்கிறேன். பதினாறு வருஷமாக எதையும் கேட்காத வாய் இன்று கேட்கிறது. என் வாழ்க்கையில் அவர் செய்த பெரிய அற்புதம் அதுதான். அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன்.

உங்களிலும் வாய் மூடிப்போனவர்கள் இருப்பீர்கள். பக்தியோடு கேட்க முடியாவிட்டால் கோபத்தோடு கேளுங்கள். அழுது, சண்டை பிடித்து, எப்படியாவது கேளுங்கள். நான் கத்தினேன். அவர் முகம் திருப்பவில்லை.