கூட்டல் மிஷினுக்கு எந்த வேலை?

மலாய் நாடு சுதந்திரம் அடைந்த சமயம், பண்டார் ஹிலிர் பகுதியில் ஒரு ரப்பர் வியாபாரக் கம்பெனியில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஆபீசுக்குப் புதிதாக ஒரு கூட்டல் மிஷின் வந்து இறங்கியது. எந்த வேலையை முதலில் அதற்குக் கொடுப்பது என்று மேனேஜர் துரை எங்களைக் கேட்டார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாங்கள் கட்டம் போட்டு எழுதிவந்த அகலத் தாள்களைப் பார்த்தாலே தெரியுமே. ரப்பர் எடைத் தாளை அழித்து அழித்து ஓட்டையே விழுந்திருந்தது. ஒரே கூட்டலை ஆளாளுக்குத் தனியாகப் போட்டிருந்தோம். அவற்றைத் துரையின் மேசையில் விரித்தேன்.

"நேரமெல்லாம் இதில்தான் போகிறது, துரை."

"இதெல்லாம் பழைய தாள். அவரவர் செய்யும் வேலையைப் புதிதாக எழுதிக் கொடுங்கள்" என்றார்.

எழுதினோம். அதைத் தொகுக்க இன்னொரு தாள் தயாரானது. அதையும் கையால்தான் கூட்டினோம். மிஷின் துணி போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது. எனக்கு மண்டை காய்ந்தது.

பக்கத்து மேசைக்காரர் கம்போங் செட்டிக்காரர். அந்தச் செட்டிகளுக்கு வீட்டு மொழியே மலாய் என்பதால் எங்கள் பேச்சும் மலாயில்தான். "சாபார்லா" என்றார். பொறுமையாம்! அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

மாதக் கடைசியில் எடைக் கணக்கு முடியாமல் சரக்கு லாரி வாசலிலேயே நின்றது. துரை தானே பென்சிலை எடுத்தார். கூட்டும்போதெல்லாம் வேறு வேறு விடை வந்தது. கடைசியில் மிஷினை என் மேசைக்குத் தூக்கி வரச் சொன்னார்.

"எனக்கு ஒரு யோசனை. முதலில் எடைத் தாளை இதில் போடுவோம்."

அன்று காஜா பேராங்கில் வீடு வந்து சேரும்வரை சைக்கிளில் திட்டிக்கொண்டே வந்தேன்.