இரண்டு பதிவேடுகளில் ஒரு பெயர்

தொடர்கல்வித் துறையை மாத முடிவோடு மூடுவதென்று பல்கலைக்கழகம் தீர்மானித்தபோது, அதன் முப்பத்தெட்டு வருட வரலாற்றை நான்கு பக்கத்தில் எழுதித் தரும்படி ஓய்வுபெற்ற எழுத்தரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மனைவி போய் ஆறு வருடம். மகன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனில் பேசுவான். சராசரி ஏழு நிமிடம். மனிதர் மறுநாளே ஒன்பதே முக்காலுக்கு வந்து நின்றார்.

துறையில் அவருக்குச் 'சிவப்புக்கோடு' என்று பட்டப்பெயர். வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரம் ஒரு வகுப்பு, வருடத்துக்கு நாற்பது. மையத்துக்கு ஒரு பதிவேடு. முப்பது வகுப்பாவது வராதவர் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு இழுப்பார். கோடு விழுந்தால் தேர்வு எழுத முடியாது. ஆயிரக்கணக்கில் இழுத்தவர்; ஒன்றும் வளைந்ததில்லை.

மூன்றாம் நாள், சரக்கறைத் தரையில் பதிவேடுகளைப் பரப்பியிருந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய ரயிலடி மையப் பதிவேட்டில் ரொட்டி ஆலைப் பெண் ஒருத்தி, டோக்கன் எண் 212. பக்கத்திலேயே சந்தை மையப் பதிவேடு. அதிலும் அதே பெயர், அதே 212. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மாலை ஷிப்ட். அதற்கேற்ப ஒரு வாரம் ரயிலடியில் மாலை வகுப்பு, மறுவாரம் சந்தையில் காலை வகுப்பு என்று மாறி மாறிப் போயிருக்கிறாள். அங்கே இருபது, இங்கே இருபது. ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. இரண்டிலும் சிவப்புக்கோடு.

மை ஒட்டிக்கொள்ளும் என்று இரண்டு பதிவேடுகளை அவர் ஒருபோதும் ஒரே மேஜையில் விரித்ததில்லை.

இயக்குநர் அம்மாவிடம் போனார்.

"சார், இருபத்தாறு வருஷக் கதை. இப்ப யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே மேடம். கடைசித் தேர்வு வெள்ளிக்கிழமை. முப்பது வகுப்பு வந்தவங்க எழுதலாம்னுதான் விதி. எத்தனை வருஷத்துக்குள்ளன்னு எங்கயும் போடல."

"அந்தத் தேர்வுக்கு ஒருத்தர்கூடப் பதியல. ரத்து பண்ணலாம்னு இருந்தேன்." பெருமூச்சு விட்டார். "சரி, அந்தம்மா வந்தா நடத்துங்க. நீங்களே மேற்பார்வை பாருங்க. வேற ஆளில்ல."

ஆலையில் விலாசம் கிடைத்தது. மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவளுக்கு அறுபது இருக்கும். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். அவர் வீட்டுக் கணக்கும் அதேதான்.

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப அந்தச் சிவப்புக்கோடு நீங்கதானா? பரீட்சைக்குப் போன அன்னைக்கு உன் பேரே இல்லன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. நமக்கு மண்டையில ஒண்ணும் ஏறாதுன்னு டீச்சருங்களே முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்."

"இல்லம்மா. தப்பு என்னோடது."

"அதைச் சொல்றதுக்கா மாடி ஏறி வந்தீங்க? நல்ல மனுஷன்யா!" சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். "வீட்ல என்ன சொன்னேன் தெரியுமா? பாஸுன்னு. அவரு தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தாரு. சாகுற வரைக்கும் நம்பிட்டிருந்தாரு. இப்ப நெசமாவே பாஸானா யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

அவர் வெள்ளிக்கிழமை பத்து மணி, முதல் மாடி என்று ஒரு தாளில் எழுதி, மடிக்காமல் கொடுத்துவிட்டு இறங்கினார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே அறையைத் திறந்தார். அறுபது பெஞ்சு. ஒன்றை மட்டும் துடைத்தார். பத்து அடித்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து நிமிடத் தாமதம் வரை அனுமதி. அதற்குமேல் அவராலும் விட முடியாது. பதினோராம் நிமிடம் படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது.

"கண்ணாடிய மறந்துட்டுத் திரும்பிப் போனேன்" என்றபடி துடைத்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவள் எழுதினாள். அவர் நடந்தார். ஒருத்தியை மேற்பார்க்க அத்தனை நடை தேவையில்லைதான். கடைசிக் கணக்கில் பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள், அப்புறம் எழுதினாள். தாளைக் கட்டி நீட்டினாள்.

"முடிவு தபால்ல வருமா சார்?"

"தபால் பிரிவை மூடிட்டாங்க. நான்தான் நேர்ல வந்து சொல்லணும்."

"ஃபெயிலா இருந்தாலுமா?"

"இருந்தாலும்."

"அப்ப இன்னொரு தம்ளர் வாங்கி வைக்கிறேன்." பையை எடுத்தாள். "கெளம்பட்டுமா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சீக்கிரம் முடித்தவர் போகக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கும்மா" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.