இரண்டு கம்பெனி ஹீரோக்களும் ஒரு கம்பெனி பஸ்ஸும்

காமிக்ஸ் உலகத்தில் ஓர் அநியாயம் உண்டு. ஒரு கம்பெனியின் சூப்பர் ஹீரோ, எதிர்க் கம்பெனியின் சூப்பர் ஹீரோவை லேசில் சந்திக்க முடியாது. உலகமே அழிந்தாலும் அவரவர் கம்பெனி ஆட்களை வைத்துத்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் சரிசெய்யும் பொறுப்பை நானும் அவனும் எடுத்துக்கொண்டோம்.

கும்மிடிப்பூண்டியில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருவருக்கும் வேலை. பிரஸ் ஷாப், நாள் முழுக்கத் தகடு அடிக்கும் சத்தம். நான் செவ்வாப்பேட்டை, அவன் பெரியபாளையம். கம்பெனி பஸ்ஸில் பெண்கள் பக்கத்துக் கடைசி சீட் எனக்கு, அதற்குப் பின்சீட் அவனுக்கு. அவன் செல்போனில் காமிக்ஸ் படிப்பதைப் பார்த்து, "இந்தக் கம்பெனி ஆளா? சுத்த வேஸ்ட்டு" என்று நானாகத்தான் வம்பிழுத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

எனக்குப் பிடித்த ஹீரோ, அதாவது என் ஆள், ஒரு பெண்; பறப்பாள். அவன் ஆளுக்குப் பறக்க வராது, ஆனால் இடிந்து விழும் கட்டடத்தைத் தோளில் தாங்குவான். இருவரையும் சேர்த்து பஸ்ஸிலேயே கதை கட்டி, எங்கள் பக்கமே வேலைக்கு அனுப்பினோம். பூண்டி ஏரி உடையப் போனபோது அவன் ஆள் கரைக்கு முட்டுக் கொடுத்தான், என் ஆள் ஜனங்களைத் தூக்கி வந்தாள். கவரைப்பேட்டையில் கவிழ்ந்த கன்டெய்னர் லாரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்தினார்கள். முதலில் யார் பெரிய ஆள் என்று ஒரே சண்டை. போகப் போக, அவன் என் ஆளை ஜெயிக்க வைக்க ஆரம்பித்தான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

"சண்டை முடிஞ்சதும் ரெண்டு பேரும் எங்க போவாங்க?" என்று ஒருநாள் கேட்டான்.

"அவங்கவங்க ஊட்டுக்கு."

"ஒரே ஊட்டுக்குப் போனா இன்னா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் சர்ச். அவன் வீட்டில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். "கம்பெனிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்களே" என்றேன். "கேட்டுப் பாத்தாதான தெரியும்" என்றான். கேட்பது மட்டும் நடக்கவில்லை. ஹீரோக்களை வைத்து எல்லாவற்றையும் பேசினோம்; எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். வேலை முடிந்து திரும்பும்போது மெதுவாகச் சொன்னேன்: "என் ஆளுக்கு அவங்க கம்பெனியிலயே ஜோடி முடிவு பண்ணிட்டாங்க. நாளைக்குப் பூ வெக்க வர்றாங்க."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "அப்ப சரி. என் ஆளு வாழ்த்திட்டு அவன் உலகத்துக்கே பூடுவான். அதான் கடைசிக் கதை."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இதற்காகவா இவன் ஆள் ஏரிக்கரையைத் தாங்கினான்?

முன்சீட்டில் இருந்த பேக்கிங் செக்‌ஷன் அக்கா விருட்டென்று எழுந்து திரும்பினார். "இன்னாடா தம்பி கதை இது? பேஜாரா கீது. அந்தப் பொண்ண உட்டுட்டுப் பூடுவானா அவன்?"

"ஏரியவே தாங்குனவனுக்கு மாமனாராண்ட பேச முடியாதா?" என்றது பின்னால் ஒரு குரல்.

சட்டென்று நிமிர்ந்தேன். "நீங்க... கேட்டுக்கினா இருந்தீங்க?"

"பிரஸ் ஷாப்புல கீறவங்களுக்கு மெதுவாப் பேச எங்கம்மா தெரியும்? நீங்க ரகசியம் பேசறது டிரைவருக்கே கேக்குது" என்றார் அக்கா.

உண்மைதான். அந்தச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசி, எங்கள் கிசுகிசுப்பே ஊருக்குக் கேட்கும்படி ஆகியிருக்கிறது. மாதக்கணக்காக மொத்த பஸ்ஸும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஒருவரும் மூச்சு விடவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை போகவில்லை. வெட்கத்தைவிட அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரியபாளையம் வந்தது. டிரைவர் அண்ணன் கதவைத் திறக்காமல் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "எறங்குறியா தம்பி?"

அவன் என்னைத்தான் பார்த்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹீரோ, கம்பெனி என்ற எந்தப் பேச்சும் இல்லாமல் முதல்முறையாகச் சொன்னேன்: "எனக்கு உன்னதான் புடிச்சிகீது. நைனாகிட்ட நான் பேசறேன். நீ கூட நின்னா போதும்."

"செவ்வாப்பேட்டைக்கு உடுங்கண்ணா" என்றான்.

கதவைத் திறந்த நைனா எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து வாசலில் போட்டு, "உக்காருப்பா" என்றார். அவன் உட்காரவில்லை. நான் எல்லாவற்றையும் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். நாளைக்கு யாரும் வர வேண்டாம் என்று நைனா மாப்பிள்ளை வீட்டாரிடம் போனில் பேசியபோதும் நின்றுகொண்டுதான் இருந்தான்.