ஜிஎஸ்எம் தராசில் நாலு பிஸ்டன்

இன்ஜின் பிரித்துக் கோக்கும் தொழிலில் பாதி வேலை ஸ்பேனருக்கு, மீதி வேலை வாய்க்கு. பழைய வண்டி வைத்து அவதிப்படும் சகோதரர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் பல்லடம் ரோட்டில் என் பட்டறை. பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பன், குன்னூர் எஸ்டேட்காரர் ஒருவரிடம் இரண்டே சீட் உள்ள பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டார். வேகம் நாற்பதைத் தாண்டினால் ஸ்டியரிங்கோடு நம் பல்லும் ஆடும். ஒருமுறை ஏறிய அவர் மனைவி, "இனி நான் பஸ்ஸுலயே வந்துக்கறேனுங்க" என்று இறங்கிவிட்டார். சோமனூரில் மச்சினன் கல்யாணத்துக்கு மனைவியோடு அதே காரில் போய் இறங்குவது என்று சென்னியப்பனுக்கு வைராக்கியம்.

தராசு

உதறல் நிற்க வேண்டுமானால் புதிதாக வாங்கிப் போடும் நாலு பிஸ்டனும் ஒரே எடை இருக்க வேண்டும். கிராம் சுத்தமாகக் காட்டும் தராசு எங்கே? அவர் கம்பெனியிலேயே இருந்தது, துணியின் கனம் பார்க்கும் ஜிஎஸ்எம் தராசு. ஃபேன் காற்றில் எண் நிலைக்கவில்லை. ஃபேனை நிறுத்தினார்கள். முப்பது டெய்லர்கள் வேர்த்து ஊற்ற எங்களை முறைத்தார்கள்.

துணியில் குறை பார்த்து ஒதுக்கும் செக்கிங் சரோஜா எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "இது கனம் ரொம்ப ஜாஸ்திங்க. வெளிநாட்டு பையர் எடுக்க மாட்டாருங்க."

தேய்ப்பு

மூன்று பிஸ்டன் சமம், ஒன்று மட்டும் ஒன்பது கிராம் அதிகம். அதன் உள்பக்கத்தைத் தேய்க்க அரத்தை எடுத்தேன். சென்னியப்பன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புதுச் சாமானை எதுக்குங்க தேய்க்கறீங்க? மத்த மூணுலயும் கொஞ்சம் ஒட்டி விடுங்க!"

பஸ் பயணம்

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டை மட்டும் கோயமுத்தூரில் மெஷினில் சுற்றவிட்டுத்தான் கனத்த இடம் கண்டுபிடித்து, ஓட்டை போட்டு எடை குறைக்க முடியும். டெம்போவில் உருண்டால் வளைந்துவிடும் என்று பயந்து, பனியன் வேஸ்ட் துணியில் நன்றாகச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு தொடையும் மரத்துப்போயின. ஒவ்வொரு பள்ளத்திலும் இறுக்கி அணைத்தேன்.

கண்டக்டர் குனிந்து பதறினார்: "ஏனுங்ணா, மூஞ்சியத் தொறந்து வைங்க. கொழந்தைக்கு மூச்சு முட்டிரும்!"

ஒற்றை ரூபாய்

கோத்து முடித்து ஸ்டார்ட் செய்தோம். ஓடும் இன்ஜின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினேன். விழவில்லை. சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் மனைவியை எப்படியோ சமாதானப்படுத்தி உட்காரவைத்துச் சோமனூர் போனார்.

கல்யாணம் முடிந்து திரும்பும் வழியில் கார் பட்டறையில் நின்றது. அந்தம்மா தலைமுடியெல்லாம் சிலும்ப இறங்கினார்.

"உதறலே இல்லீங்ணா. முன்னெல்லாம் உதறலுக்குப் பயந்து மெதுவா ஓட்டுவாருங்க. அதைத் திரும்ப வெச்சுக் குடுத்துருங்க, புண்ணியமாப் போகும்!"

இத்தனை வருடம் இரும்பில் கிராம் கிராமாக எடை குறைத்த நான் இன்றைக்கு எண்பத்தெட்டுக் கிலோ, எனக்கு எங்கே ஓட்டை போடுவது என்றுதான் தெரியவில்லை.